அத்தோவை எப்படிச் சாப்பிடுவது?

விடுமுறைக் காலம் நெருங்கினால் எனக்கு ஒரே மாதிரியான அழைப்புகள் வரும். "பினாங்கு போறோம், அங்கே எங்கே சாப்பிடலாம்?" "லங்காவியிலே ஓட்டல் சாப்பாடு வேண்டாம், தெருக்கடை சொல்லுங்க." "போர்ட் பிளேர்ல என்ன கிடைக்கும்?" எல்லாருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். விமானம் ஏறுவதற்கு முன் ஒரு சாயங்காலம் வடசென்னையின் தண்டையார்பேட்டைக்கு வந்துவிட்டுப் போங்கள். கடலோர ஊர்களில் தெருவில் நின்று சாப்பிட என்னென்ன தெரிந்திருக்க வேண்டுமோ, அதையெல்லாம் பர்மாவிலிருந்து வந்த நூடுல்ஸ் பண்டமான அத்தோவை விற்கும் ஒரு வண்டி கற்றுக்கொடுத்துவிடும்.

நான் பிறந்து வளர்ந்த பேட்டை இது. தொண்டியிலிருந்து வந்து இந்தப் பக்கம் தங்கிய குணங்குடி மஸ்தான் சாகிபைத் 'தொண்டியார்' என்று அழைத்ததால் ஊருக்கு இந்தப் பெயர் வந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். ஒரு துறைமுகத்து ஆள் இன்னொரு துறைமுகத்துக்குக் கொடுத்த பெயர். இங்கே சாப்பாடும் அப்படித்தான், கடல் தாண்டி வந்தது.

மாலை ஆறு மணிக்குத் திருவொற்றியூர் நெடுஞ்சாலைப் பக்கம் நடந்தால், கன்டெய்னர் லாரிகளின் இரைச்சலுக்கு நடுவே பூண்டு பொரிந்த வாசனை வரும். அதைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு தள்ளுவண்டி இருக்கும். ஒரு பக்கம் எண்ணெய் தடவிய தடித்த மஞ்சள் நூடுல்ஸ் குவியல், அதற்குப் பக்கத்தில் நூல்போலச் சீவிய கோஸ், வரிசையாக எவர்சில்வர் டப்பாக்கள். ஓரத்தில் பெரிய தேக்சாவில் சூப் மெதுவாகக் கொதித்துக்கொண்டிருக்கும்.

போனதும் ஆர்டர் கொடுக்காதீர்கள். முன்னால் நிற்கும் இரண்டு பேருக்குப் போடுவதைப் பாருங்கள். அத்தோவில் பாதி ருசி பார்ப்பதில் இருக்கிறது. ஒரு ஏனத்தில் ஒரு பிடி நூடுல்ஸ் விழும். அதன்மேல் கோஸ், பச்சை வெங்காயம். அப்புறம் ஒவ்வொரு டப்பாவாகக் கை போய்வரும்: உப்பு, வறுத்த மிளகாய்த்தூள், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய் ஒரு கரண்டி, பொன்னிறமாகப் பொரித்த வெங்காயம், உள்ளங்கையில் நொறுக்கிய பேஜோ என்ற மொறுமொறு பருப்பு வடை, கொத்தமல்லி, எலுமிச்சைச் சாறு. பிறகு ஐந்து விரலும் உள்ளே இறங்கும். அழுத்திப் பிசைவதில்லை. கீழிருந்து மேலே தூக்கி உதறி உதறிக் கலப்பார்கள், கோஸ் நசுங்காதபடி. இருபது விநாடி. தட்டு உங்கள் கையில்.

கவனித்தீர்களா, இதில் அடுப்பே இல்லை. சைனீஸ் கடை நூடுல்ஸோடு இதை ஒப்பிட்டு, "என்னங்க ஆறிப்போயிருக்கு" என்று முகம் சுளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இது வாணலியில் புரட்டிய பண்டமே கிடையாது. பர்மிய மொழியில் 'அதொக்' என்றால் கையால் கலந்து பிசைந்தது. ஊறவைத்த தேயிலையில் செய்தால் லபெட் தொக், இஞ்சியில் செய்தால் ஜின் தொக், நூடுல்ஸில் செய்தால் கவ்ஸ்வே தொக். அது ஒரு பெரிய குடும்பம். கடல் கடந்து சென்னைக்கு வந்தபோது நூடுல்ஸில் செய்த ஒரு பிள்ளை மட்டும் குடும்பப் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டது. பொரியலை எதிர்பார்க்காமல், நம் வீட்டுக் கோசுமரிக்கு ஒன்றுவிட்ட உறவாக நினைத்துச் சாப்பிட்டால் முதல் வாயிலேயே பிடிபடும்.

பிடிபட வேண்டியது மூன்று. ஒன்று, பல்லில் படும் வித்தியாசம். நூடுல்ஸ் வழவழப்பாக இழுக்கும், கோஸ் நறுக்கென்று உடையும், பேஜோ பொடிப்பொடியாக நொறுங்கும். மூன்றும் ஒரே வாயில் கேட்க வேண்டும். கேட்பதற்கு உங்களுக்கு இரண்டு மூன்று நிமிஷம்தான் அவகாசம், அதற்குள் புளித்தண்ணீர் எல்லாவற்றையும் ஊறவைத்துவிடும். அதனால்தான் அத்தோவைப் பார்சல் வாங்காதே என்று தலைபாடாக அடித்துக்கொள்கிறேன். வீட்டுக்குப் போய்ப் பிரித்தால் அது வேறு பண்டம். இரண்டு, பூண்டு எண்ணெய். மெல்லிசாக அரிந்த பூண்டை இளந்தீயில் வைத்து, சிவக்கிற நேரம் பார்த்து இறக்கியிருக்க வேண்டும். அரை நிமிஷம் தாண்டினால் கசப்பு ஏறிவிடும், அந்தக் கசப்பை எலுமிச்சையாலும் மறைக்க முடியாது. மூன்று, புளி. அது முதலில் நாக்கில் தெரியக்கூடாது. விழுங்கிய பிறகு அடுத்த வாய்க்குக் கை தானாகப் போக வேண்டும்.

சூப்பைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். அத்தோவோடு ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப் வரும், அதற்குத் தனிக் காசு கிடையாது. பலர் அதைத் தொண்டை நனைக்கும் வெந்நீர்போலக் குடித்துவிட்டுப் போகிறார்கள். அந்தக் கிண்ணத்தில்தான் கதை இருக்கிறது. பர்மாவில் அது மொய்ங்காவின் குழம்பு. அந்நாட்டு மக்களின் காலை உணவே மொய்ங்காதான். கெளுத்தி மீனை வேகவைத்து உதிர்த்து, வாழைத்தண்டும் வெங்காயமும் பூண்டும் சேர்த்து, வறுத்த அரிசி மாவோ கடலை மாவோ கரைத்துவிட்டுக் கெட்டியாக்கி, மெல்லிய அரிசி நூடுல்ஸ்மேல் ஊற்றுவார்கள். மணத்துக்கு ஙப்பி என்ற நொதித்த மீன் விழுது.

இங்கே வந்தபோது மீன் போய்விட்டது. காசிமேடு மீன்பிடித் துறைமுகம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. விடியற்காலையில் கூடை கூடையாக மீன் இறங்குகிற இடம். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு மீன் குழம்பு மீனை விட்டுவிட்டு வாழைத்தண்டை மட்டும் பிடித்துக்கொண்டது ஏன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். எனக்குத் தோன்றுவது இது: கிழமை பார்த்து மீன் தொடாதவர்களும் வண்டியில் நின்று சாப்பிட வேண்டும், ஙப்பியின் வாடை பழகாத மூக்குகளும் பக்கத்தில் நிற்க வேண்டும். பர்மாவிலிருந்து வந்து இதை விற்றுப் பிழைத்தவர்கள் வாங்குபவர்களின் வீட்டுப் பழக்கத்தைக் கணக்கில் எடுத்தார்கள். வாழைத்தண்டு நமக்கும் தெரிந்த பொருள், கூட்டும் பொரியலும் செய்கிறோம். அது தங்கிவிட்டது. ஆகவே சூப்பைக் குடிக்கும்போது அடியில் கிடக்கும் தண்டுத் துண்டை விட்டுவிடாதீர்கள். நார் எடுத்து, வெந்தும் லேசாகக் கடிபடும் பதத்தில் இருந்தால் அது நல்ல கடை.

எங்கள் தெருவில் ரங்கூனிலிருந்து வந்த ஒரு பாட்டி இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டில் மட்டும் மொய்ங்கா கொதிக்கும், மீன் போட்டது. "கடையில விக்கிறது உங்களுக்கு. இது எங்களுக்குடா தம்பி" என்று சிரித்துக்கொண்டே எனக்கும் ஒரு கிண்ணம் நீட்டுவார்.

அந்தப் பாட்டியைப் போன்ற பர்மாத் தமிழர்கள் எப்படி வந்தார்கள் என்பது தெரிந்தால் தட்டின் கனம் கூடும். 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். ஐராவதி வண்டல் வயல்களில் அறுவடைக்கும், துறைமுகத்தில் மூட்டை தூக்கவும் போனவர்களில் தமிழர்கள் ஏராளம். 1941 டிசம்பரில் ஜப்பான் குண்டு போட்டதும் லட்சக்கணக்கானோர் காடு மலை வழியே நடந்தே கிளம்பினார்கள், வழியில் செத்தவர்கள் பல்லாயிரம். மிச்சமிருந்தவர்களின் வாழ்வை 1962-ல் ராணுவத் தளபதி நெ வின் ஆட்சியைப் பிடித்தது புரட்டிப்போட்டது. கடைகள் நாட்டுடைமையாயின. 1964-ல் பெரிய நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். கப்பல் கப்பலாகச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியவர்களைப் பணமும் நகையும் கொண்டுவர விடவில்லை. சமையல் பக்குவத்தைச் சுங்கத்தில் பறிக்க முடியாது, அது மட்டும் கூட வந்தது. வியாசர்பாடியிலும், மணலிப் பக்கம் பர்மா நகரிலும், இன்னும் வடசென்னையின் பல மூலைகளிலும் குடியேறினார்கள். பாரிமுனை அருகே பர்மா பஜார் எழுந்தது. திரும்பவும் பர்மாவுக்கே நடந்து போய்விடலாம் என்று கிளம்பி, எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மொரே ஊரில் தங்கிவிட்ட தமிழர்களும் உண்டு. அங்கே இன்றைக்கும் இட்லி, தோசை கிடைக்கும்.

அத்தோவோடு முட்டை பேஜோ கேளுங்கள். பர்மிய மொழியில் 'பெ' என்றால் பயறு, 'ஜோ' என்றால் பொரித்தது. பருப்பில் தட்டிய மொறுமொறு வடைக்கான பெயர் அது, இங்கே முட்டைக்கும் ஒட்டிக்கொண்டது. வேகவைத்த முட்டையை முழுதாக வெட்டாமல் பிளந்து, உள்ளே பொரித்த வெங்காயம், பூண்டு, மிளகாய்த்தூள், புளித்தண்ணீர், எண்ணெய் எல்லாம் திணித்துக் கொடுப்பார்கள். கடித்துச் சாப்பிட்டால் பாதி சட்டையில் ஒழுகும். ஒரே வாயில் போட்டுக்கொண்டு, ஒரு நிமிஷம் யாரோடும் பேசாமல் நில்லுங்கள். அத்தோவைப் பாதி சாப்பிட்ட பிறகு இதைப் போட்டுக்கொள்வது என் வழக்கம். தட்டில் கடைசி மூன்று வாய் மிஞ்சும்போது, "சூப் கொஞ்சம் ஊத்துங்கண்ணே" என்று கேட்டு அதன்மேலேயே ஊற்றிச் சாப்பிட்டுப் பாருங்கள். பிசைந்த அத்தோ அந்த இடத்தில் மொய்ங்காவாக மாறும்.

அத்தோவைத் தவாவில் முட்டையோடு கொத்திப் பொரித்துக் கொடுக்கும் கடைகளும் பெருகிவிட்டன. பசிக்கு நல்லது. முதல் தடவை வருபவர்கள் அதைக் கேட்காதீர்கள்.

வண்டியைத் தேர்ந்தெடுப்பதில் சில விஷயங்களில் நான் கறார். நூடுல்ஸ் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் நகர்ந்துவிடுவேன், மங்கிய மஞ்சள் போதும். கோஸ் ஈரம் சொட்டக்கூடாது. அது பச்சையாகவே வாய்க்குப் போவதால், மழை நாளிலும் ஈ மொய்க்கும் இடத்திலும் சாப்பிட மாட்டேன், உங்களையும் வேண்டாம் என்பேன். கலப்பவர் கையுறை போட்டிருந்தால் சந்தோஷப்படுங்கள். சூப் பானை அடுப்பிலிருந்து இறங்கவே கூடாது. கடைக்காரர் "காரம் எப்படி?" என்று கேட்டால் பதில் சொல்லுங்கள்: "தூக்கலா", "மட்டா", எதுவானாலும். அவர் அதைக் கேட்பது அந்த ஒரு தட்டை உங்களுக்கென்றே கலப்பதற்காக.

பினாங்கு போகிறவர்களுக்கு இதெல்லாம் அப்படியே உதவும். அங்கே நாசி கண்டார் கடையில் நிற்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள்: தமிழ் முஸ்லிம்கள் காவடித் தண்டில் சோறும் குழம்பும் தோளில் சுமந்து துறைமுகக் கூலிகளுக்கு விற்றது அது. அந்தத் தோள்தண்டுதான் 'கண்டார்'. அங்கே மாமாக் எனப்படும் தமிழ் முஸ்லிம் கடைகளில் கிடைக்கும் மீ கோரேங்கில் சீன நூடுல்ஸும் தமிழ்க் கையும் சேர்ந்திருக்கும். இதே கதை வேறு துறைமுகத்திலும் உண்டு: ரங்கூனிலிருந்து மேமன் வணிகர்கள் கொண்டுபோன கவ்ஸ்வே கராச்சியில் கவ்ஸாவாகி, தேங்காய்ப்பாலும் கறியுமாக ஊரின் சொந்தப் பண்டமாகிவிட்டது. எந்தத் தீவுக்குப் போனாலும் கடற்கரை ஓட்டலின் பெரிய மெனு அட்டையை மூடிவைத்துவிட்டுத் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் தெருவைக் கேளுங்கள். அங்கே யார் வேலைக்கு வந்தார்கள், எதைச் சமைத்தார்கள் என்று பாருங்கள்.

இங்கே வருவது சுலபம். 2021 பிப்ரவரி முதல் தண்டையார்பேட்டைக்கு மெட்ரோ ஓடுகிறது. பகல் நேரம்தான் முடியும் என்றால் கடற்கரை ரயில் நிலையத்தில் இறங்கி, சாலையைக் கடந்து செகண்ட் லைன் பீச்சுக்குப் போங்கள். இப்போது ராஜாஜி சாலையாக இருப்பது அந்தக் காலத்தில் கடலைப் பார்த்த முதல் வரிசை, அதற்குப் பின்னால் இது இரண்டாவது. துறைமுகம் கட்டப்பட்டபின் கடல் தள்ளிப்போனது, பெயர் தங்கிவிட்டது. சென்னையில் அத்தோவுக்குப் பெயர்பெற்ற தெரு அது. அலுவலகக்காரர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் தோளோடு தோள் உரசி நிற்பார்கள்.

தண்டையார்பேட்டைக்கு வருவதானால் ஆறரைக்குள் வந்துவிடுங்கள். எட்டரைக்கு மேல் சூப் அடிப்பானைக்கு வந்துவிடும், பேஜோ தீர்ந்துபோயிருக்கும்.