கவிதாவின் கல்யாணத்துக்கு யாருக்கும் அவசரமில்லை

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அக்காவோடு உட்கார்ந்து பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை' (1974) மறுபடியும் பார்த்தேன். ஊர் என்றால் ஐயம்பேட்டை. தஞ்சாவூர்ப் பக்கத்து ஐயம்பேட்டை இல்லைங்க, வாலாஜாபாத்துக்குப் பக்கத்தில் பட்டு நெய்கிற ஐயம்பேட்டை. சின்ன வயதில் டிவியில் பார்த்தபோது இது தியாகக் கதை என்று நினைத்திருந்தேன். இந்தத் தடவை வரவு செலவுக் கணக்காகத் தெரிந்தது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகக் கதை. கவிதா (சுஜாதா) ஆபீஸ் வேலைக்குப் போகிறவள். அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். குடிகார அண்ணன், அவன் பெண்டாட்டி பிள்ளைகள், விதவையான தங்கை, கல்யாணமாகாத தங்கை, பார்வையில்லாத தம்பி, அம்மா என்று அத்தனை பேருக்கும் ஒரே சம்பளம். அவளைக் காதலித்தவன் விதவைத் தங்கையைக் கட்டிக்கொள்கிறான். பிறகு முதலாளியோடு கல்யாணம் கூடிவருகிறது. அந்த நேரத்தில் அண்ணன் கொல்லப்பட, அந்த மாப்பிள்ளையையும் அடுத்த தங்கைக்குக் கொடுத்துவிட்டு அவள் மறுபடியும் வேலைக்குப் போகிறாள்.

படத்தின் பெரிய பலம் அவளுடைய கோபம். வீட்டில் யாரோடும் அவள் இனிமையாகப் பேசுவதில்லை, சுள்ளென்றுதான் பேசுகிறாள். அம்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரு கதாநாயகியை இப்படி எழுதியதற்கே பாலசந்தருக்கு ஒரு கும்பிடு. இன்னொன்றையும் படம் மறைக்காமல் காட்டுகிறது. இவள் கல்யாணம் தள்ளிப்போவதில் வீட்டில் யாருக்கும் பதற்றமில்லை. அவள் போய்விட்டால் ஒண்ணாம் தேதி என்ன ஆகும் என்பதுதான் பதற்றம்.

ஆனால் கடைசிக் கால்மணி நேரத்தில் இயக்குநர் பின்வாங்கிவிடுகிறார். கோபக்காரியைத் தெய்வமாக்கி அனுப்பிவிடுகிறார். இதே எலும்புக்கூடு உள்ள படம் ரித்விக் கட்டக்கின் 'மேகே டாகா தாரா' (1960). அதில் வீட்டுக்கு உழைத்த நீத்தாவுக்குக் காசநோய். மலையில் இருக்கிற சானடோரியத்தில், தான் வாழத்தான் ஆசைப்பட்டதாக அண்ணனைப் பிடித்துக்கொண்டு கதறுகிறாள். கட்டக் அந்தக் குடும்பத்தை மன்னிக்கவில்லை. பாலசந்தர் மன்னித்துவிடுகிறார். நாமும் கைதட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டோம்.

சீனாவில் நிலைமை தலைகீழ் மாதிரித் தெரியும். படித்து, நகரத்தில் சம்பாதித்து, 27 வயது தாண்டியும் கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு அங்கே 'ஷெங்நு' என்று பெயர். மீந்துபோன பெண் என்று அர்த்தம். பத்திரிகைக்காரன் கிண்டலாக இருந்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் 2007-இல் அந்நாட்டுக் கல்வி அமைச்சகமே புதுச்சொல் பட்டியலில் இதைச் சேர்த்தது. அரசின் மாதர் சம்மேளனமும் தூக்கிப் பிடித்தது. ஷாங்காய் மக்கள் பூங்காவில் பெற்றோர்கள் பிள்ளைகளின் வயசு, உயரம், சம்பளம் எல்லாம் காகிதத்தில் எழுதிக் குடை மேல் ஒட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அங்கே எல்லாருக்கும் அவசரம். கவிதா வீட்டில் யாருக்கும் அவசரமில்லை. ரெண்டும் ஒரே கணக்கு என்பதுதான் என் வாதம். தேதியை முடிவு செய்வது அவளால் மற்றவர்களுக்கு என்ன ஆகவேண்டும் என்பதுதான், அவள் வயசு இல்லை.

நம்மிடமும் ஒரு சொல் இருக்கிறது, 'முதிர்கன்னி'. வரதட்சணைக்கு வழியில்லாமல் ஜன்னலோரம் நிற்கிற பெண்ணைப் பற்றி எழுதிய கவிதைகள் மூலமாகப் பரவிய சொல். இரக்கத்தில் பிறந்தது, அதனால் திட்டு மாதிரி தெரியாது. என் அக்காவை ஒருத்தர் முகத்துக்கு நேராகவே அப்படிச் சொன்னார், பத்திரிகை வைக்க வந்த இடத்தில்.

அக்கா கதை இதுதான். எங்கள் வீட்டில் ஒரு தறி. கோர்வைச் சேலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடா போட இன்னொரு ஆள் வேண்டும். அப்பாவுக்கு அந்த ஆள் அக்காதான். தறியில் உட்கார்ந்துகொண்டே எம்.எஸ்ஸி. கணக்கு முடித்தாள், ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்தாள். 1997-லிருந்து 2001 வரை நான் பி.இ. படித்த நாலு வருஷமும் என் ஃபீஸ் அவள் சம்பளம். அந்த நாலு வருஷத்தில் ஒரு ஜாதகம்கூட வீட்டை விட்டு வெளியே போகவில்லை. எனக்கு வேலை கிடைத்த மறு மாசமே தரகர் வந்தார். அதற்குள் "வயசாயிடுச்சே", "எம்.எஸ்ஸி.க்கு மேல படிச்ச மாப்பிள்ளைக்கு எங்க போறது" என்று எல்லாருக்கும் பாஷை மாறிவிட்டது. கவிதாவாக இருந்தவள் ஒரே வருஷத்தில் ஷெங்நு ஆனாள். பாலசந்தர் எடுக்காமல் விட்ட பாதி இதுதான்.

நம் அரசாங்கம் திட்டவில்லை, தாலிக்குத் தங்கம் கொடுத்தது. 2011-இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டத்தில் பட்டதாரிப் பெண்ணுக்கு 50,000 ரூபாயும் 4 கிராம் தங்கமும். பட்டம் வாங்கினாலும் பணம் கல்யாணத்தில்தான் கைக்கு வரும். 2022-இல் அதையே புதுமைப் பெண் திட்டமாக மாற்றி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்ணின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் போடுகிறார்கள். தொகை சின்னதுதான், ஆனால் அவள் கணக்கில் விழுகிறது.

படம் முடிந்ததும் அக்கா சொன்ன விமர்சனம் என்னுடையதைவிடச் சுருக்கம்: "நல்லாத்தான் கோவப்படறா. ஆனா சம்பளத்தை மட்டும் கொண்டாந்து அப்படியே குடுத்துடறாளே."

உனக்கு என் மேல கோபம் இருக்காக்கா என்று கேட்டேன்.

"உன் ஃபீஸ் எழுதி வெச்ச நோட்டு பரண்ல இருக்குடா, வேணும்னா எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு டிவியை நிறுத்தினாள்.