இடுப்பில் ஒரு கலிதா

பழைய ரஷ்ய உடைகளில் பை வைத்துத் தைப்பது வழக்கமில்லை. காசும் சில்லறைச் சாமான்களும் இடுப்புக் கச்சையில் தொங்கிய தோல் பைக்குள்தான் போகும். அதன் பெயர் கலிதா. 1325 முதல் 1340 வரை மாஸ்கோவை ஆண்ட முதலாம் இவானுக்கு அதுவே பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது.

அந்தச் சாயலில் இன்று கையால் செய்யும் பைகளில் என்னைக் கட்டிப்போடுவது பூவேலை அல்ல, தையல். ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி. ஒவ்வொரு துளையிலும் இரண்டும் எதிரெதிராக நுழைந்து வெளிவரும். ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் அடுத்த தையல் பிரியாது. எந்திரத் தையலுக்கு இந்த உறுதி வராது.

தோலும் லேசுப்பட்டதல்ல. வில்லோ மரப்பட்டைச் சாற்றில் ஊறிப் பதமாகி, பிர்ச் மரத் தாரெண்ணெய் குடித்த ரஷ்யத் தோலுக்குத் தனிப் புகைமணம் உண்டு. ஈரமும் பூச்சியும் எளிதில் அண்டாது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து ஜெனோவாவுக்கு அதை ஏற்றிப்போன கப்பலொன்று 1786இல் இங்கிலாந்தின் பிளிமத் அருகே மூழ்கியது. 1973இல் கண்டுபிடித்தபோது, சேற்றில் புதைந்திருந்த தோல்களில் பல பை தைக்கும் பதத்திலேயே இருந்தன. ஏறத்தாழ இருநூறு ஆண்டு கடலுக்கடியில்!

இப்படியொரு பை கைக்கு வந்தால், மூடியின் அலங்காரத்தைப் பார்க்கும் முன் திருப்பிப் பின்பக்கத் தையலைப் பாருங்கள்.