எலியின் ஈரலும் ஆம்பூரின் பசையும்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஷூவின் மேல்பகுதியையும் அடிப்பகுதியையும் ஒட்டப் பயன்படும் பசைகளில் ஹெக்சேன், டொலுயீன், மெத்தில் எத்தில் கீட்டோன் போன்ற கரைப்பான்கள் இருப்பது உலகெங்கும் வழக்கம். பசை காயக் காய அவை காற்றில் கலந்து நுரையீரலுக்குப் போகின்றன. எவ்வளவு போனால் ஆபத்து? பல கரைப்பான்களுக்கு இந்த வரம்பைக் கட்டியதில் எலிக்கும் சுண்டெலிக்கும் பெரும் பங்கு உண்டு. நஞ்சு உடலில் என்ன செய்யும் என்று கேட்டால் எலி சொல்வதை நம்பலாம். எவ்வளவு செய்யும் என்பதற்கு அதன் பதில் போதாது என்பதே என் முடிவு.

எலியின் பங்கைக் குறைத்துச் சொல்வது நியாயமல்ல. 1960களில் ஜப்பானில் ஹெக்சேன் கலந்த பசையால் செருப்பு ஒட்டியவர்களுக்குக் கால் மதமதத்து நடை தளர்ந்தது. ஹெக்சேன் கொடுத்த எலியின் நரம்பிலும் அதே வீக்கமும் சிதைவும் தெரிந்தன. ஈரல் ஹெக்சேனை 2,5-ஹெக்சேன்டையோனாக மாற்றுகிறது. அது நரம்பிழைப் புரதங்களைப் பிணைத்துவிடுகிறது. மிக நீண்ட நரம்புகள் முதலில் கெடுவதால் பாதத்தில் தொடங்குகிறது நோய். ஆனால் அளவுக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. எலி, முயல், குரங்கு ஆகியவற்றின் சிறுநீரில் மேலோங்கி வருவது 2-ஹெக்சனால். மனிதச் சிறுநீரில் மேலோங்கி வருவதோ நரம்பைக் கெடுக்கும் அந்த டையோனே. தோல் ஃபினிஷிங்கில் பயன்பட்ட டைமெத்தில்ஃபார்மமைடு இன்னும் தெளிவான சான்று. ஈரலைக் கெடுக்கும் பாதையைக் காட்டும் கழிவுப்பொருளாக, உடலுக்குள் போன அளவில் ஏறத்தாழ 10 முதல் 23 விழுக்காடு மனிதரிடம் வெளியேறியது. எலி இனங்களில் 1 முதல் 5 விழுக்காடுதான் என்று 1989இல் ம்ராஸ் குழு கண்டது. டைகுளோரோமீத்தேன் என்னும் கரைப்பானில் நிலைமை தலைகீழ். சுண்டெலியின் நொதி மனிதருடையதைவிடப் பல மடங்கு வேகமானது; அதற்கு வந்த ஈரல், நுரையீரல் கட்டிகளை மனிதருக்கு அப்படியே பொருத்த முடியாது.

இந்த வேறுபாடுகளுக்காகத்தானே விலங்குக்கும் மனிதருக்கும் இடையே பத்து மடங்கு, மனிதருக்குள் பத்து மடங்கு என்று பாதுகாப்பு இடைவெளி விடுகிறார்கள் என்பார்கள். அந்தப் பத்து ஒரு வழக்கம். ஒவ்வொரு பொருளுக்கும் அளந்து கண்டதல்ல. டைமெத்தில்ஃபார்மமைடு விஷயத்தில் வளர்சிதைமாற்ற வேறுபாடு ஒன்றே அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். விலங்கை விட்டால் மனிதனே சோதனைப் பொருளாவான் என்பது கனமான மறுப்பு. ஆனால் எலியிடம் சான்று கிடைக்கட்டும் என்று காத்திருந்தாலும் அதுவே நடக்கிறது. பென்சீனைச் சுவாசித்த இஸ்தான்புல் ஷூ தொழிலாளர் 26 பேருக்கு ரத்தப் புற்று வந்ததை முசாஃபர் அக்சோய் குழு வெளியிட்ட ஆண்டு 1974; பென்சீன் எலிக்குப் புற்று தருவதை மால்டோனி குழு அறிவித்தது 1979இல்.

கலவை என்னும் சிக்கல் வேறு இருக்கிறது. மெத்தில் எத்தில் கீட்டோன் சேர்ந்தால் ஹெக்சேனின் நரம்புச் சேதம் கூடுகிறது. டொலுயீன் ஹெக்சேனின் வளர்சிதைமாற்றத்தைத் தாமதப்படுத்துகிறது. தனித்தனியாகச் சோதித்த எண்களைக் கூட்டினால் இது வெளிப்படாது. ஆகவே அளக்க வேண்டிய இடம் ஒட்டுபவரின் உடல்: ஷிப்ட் முடிவில் சிறுநீரில் டையோன் எவ்வளவு என்று பார்க்கலாம். பாலாற்றைக் கெடுத்த டேனரிகள் மீதான வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 28.8.1996 அன்று உச்ச நீதிமன்றம் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை ஏற்று, தீங்கில்லை என நிரூபிக்கும் பொறுப்பைத் தொழில் நடத்துபவர் மேல் வைத்தது. கழிவுநீருக்குச் சொன்ன அந்த நியாயம் ஒட்டும் கூடத்தின் காற்றுக்கும் பொருந்த வேண்டும். செலவு கூடும் என்ற முறையீட்டைவிட, அளவு கூடியவரை வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்ற அச்சம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. முடிவு மோசமானால் பசையையும் காற்றோட்டத்தையும் மாற்ற வேண்டும், அந்தப் பெண்ணின் வேலையில் கைவைக்கக் கூடாது என்பதைப் பரிசோதனை விதியிலேயே எழுதிவிட வேண்டும்.