நரைக்கு இரண்டு விலை

2011-ல் 'மங்காத்தா' வந்தபோது அஜித்துக்கு வயது 40. டை அடிக்காமல், நரையோடு வந்து நின்றார். தியேட்டரில் விசில் பறந்தது. நரைக்கு 'சால்ட் அண்ட் பெப்பர்' என்று ஸ்டைலான பெயரும் கிடைத்தது. அஜித்துக்கும் வெங்கட் பிரபுவுக்கும் தாராளமாக ஒரு சபாஷ் போடலாம்.

ஆனால் பாருங்கள், அந்தச் சலுகை ஆம்பளைக்கு மட்டும்தான். ஹீரோயினுக்கு நரைத்தால் அம்மா வேஷம். முடிக்குக் கலர் அடித்தால் திமிர் பிடித்தவள். க்ளைமாக்ஸுக்குள் புடவை கட்டவைத்துத் திருத்திவிடுவார்கள். 1972-ல் 'பட்டிக்காடா பட்டணமா' ஓட்டிக் காட்டிய அதே வண்டி!

இந்தப் படங்களுக்கு டிக்கெட் வாங்குபவர்களில் ஸ்ரீபெரும்புதூர் செல்போன் கம்பெனிப் பெண்களும் உண்டு. ஷிஃப்ட் முழுக்க முடி தொப்பிக்குள். ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெரியாத யூனிஃபார்ம். வெளியே வந்ததும் ஒரு கற்றை பர்கண்டி காற்றில் ஆடினால், அதில் என்ன திமிர்? சொந்தச் சம்பளத்தில் வாங்கிய கலர் சார் அது! அவளை ஹீரோயினாக்கி, கடைசி ரீல் வரை திருத்தாமல் விடுகிற டைரக்டருக்குத்தான் அடுத்த சபாஷ்.

தங்கச்சிகளுக்கு ஒரே ஒரு யோசனை. சாயத்தைக் காதுக்குப் பின்னால் துளி தடவி, 48 மணி நேரம் பார்த்துவிட்டுப் போடுங்கள். உங்களுக்கு அரித்தால் விட்டுவிடுங்கள். ஊருக்கு அரித்தால், அது அவர்கள் பாடு.