வெட்டி எறிந்த இரண்டு வருஷம்

மணிரத்னத்தின் 'அஞ்சலி'யைப் பார்க்காதவர்கள் உங்களில் குறைவு. 1990-ல் வந்த படம். தியேட்டரில் தவறவிட்டிருந்தாலும், ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டி.வி. உங்களைப் பிடித்து உட்காரவைத்து அழவைத்திருக்கும். இளையராஜாவுக்கு ஐந்நூறாவது படம். பேபி ஷாம்லிக்கு தேசிய விருது. ஆஸ்கார் போட்டிக்கு இந்தியா அனுப்பிய படமும் அதுதான்.

நல்ல படம். அதில் சந்தேகமே வேண்டாம். அதுவரை நம் சினிமாவில் இப்படி ஒரு குழந்தை பிறந்தால் கிளைமாக்ஸில் மின்னல் வெட்டும், கோயில் மணி அடிக்கும், குழந்தை எழுந்து நடக்கும். 'அஞ்சலி'யில் அந்த அற்புதமெல்லாம் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர்களின் முகச்சுளிப்பு, கூடப் பிறந்தவர்களின் கூச்சம், எல்லாமே நேர்மையாக இருந்தன.

ஆனால் ஒரு கேள்வி. அந்தக் குழந்தையின் முதல் இரண்டு வருஷம் எங்கே போச்சு?

கதையை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். ரேவதிக்குப் பிரசவம். 'குழந்தை இறந்தே பிறந்தது' என்று ரகுவரன் சொல்லிவிடுகிறார். அது அதிக நாள் தாங்காது என்று டாக்டர் சொன்னதால், மனைவி அந்த வேதனையைப் படவேண்டாமே என்று அவராகவே எடுத்த முடிவு. குழந்தை வேறிடத்தில் வளர்கிறது. படம் இரண்டு வருஷத்தைத் தாண்டிக் குதிக்கிறது. அப்புறம்தான் அஞ்சலி வீட்டுக்கு வருகிறாள்.

அந்தக் குதி சாதாரணமானது இல்லை. நோயோடு பிறந்த ஒரு குழந்தையின் வாழ்க்கையில் ரொம்பக் கஷ்டமான பகுதி எதுவோ, அதையேதான் தாண்டியிருக்கிறார்கள்.

'சினிமான்னா அப்படித்தான் சார், மூணு மணி நேரத்துல எதைக் காட்டறது?' என்பீர்கள். சரி, இன்னொரு படம் பார்ப்போம். ராமின் 'பேரன்பு', 2019-ல் தியேட்டருக்கு வந்தது. மூளை முடக்குவாதம் உள்ள மகள். பல வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பும் அப்பா மம்மூட்டி. அம்மா வீட்டைவிட்டுப் போய்விட்டாள். இனி அப்பாதான் பார்த்துக்கொள்ள வேண்டும். மகளைச் சிரிக்கவைக்க அவர் படும் பாட்டை ராம் அவசரமே இல்லாமல் காட்டுகிறார். மாதவிலக்கு நாட்களில் அப்பாவும் மகளும் தவிப்பதையும் காட்டுகிறார். ஆக, தினசரிக் கஷ்டத்தைப் படம் பிடிக்க முடியாது என்பது சும்மா சாக்கு.

ஆனால், மம்மூட்டி வருவதற்கு முன் அந்த வருஷங்களைத் தனியாகச் சுமந்தவள் அந்த அம்மா. அவள் கதை? அதுவும் திரைக்கு வெளியேதான். ஒரு படத்தில் அம்மாவுக்குக் குழந்தை இருப்பதே தெரியாது. இன்னொன்றில் குழந்தை இருக்கிறது, அம்மா இல்லை. நோயுள்ள பச்சைக் குழந்தையும் அதைத் தூக்கிவைத்திருக்கும் அம்மாவும் ஒரே ஃபிரேமில் வருவதற்குள் நம்மவர்கள் 'கட்' சொல்லிவிடுகிறார்கள்.

அந்த ஃபிரேமில் என்ன இருக்கும்?

இதயத்தில் ஓட்டையோடு பிறந்த குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். இது அபூர்வம் இல்லை. ஆயிரம் குழந்தை பிறந்தால் எட்டு, ஒன்பது குழந்தைக்கு இதயத்தில் ஏதாவது கோளாறு இருக்கும். சில ஓட்டைகள் தானாக மூடிக்கொள்ளும். பெரிய ஓட்டை என்றால், பால் குடிப்பதே அந்தக் குழந்தைக்கு மலையேறுகிற மாதிரி. நாலு இழுப்பு இழுத்ததும் நெற்றி வியர்க்கும். மூச்சு வாங்கும். பாதியில் தூங்கிவிடும். எடை ஏறாது. எடை ஏறினால் ஆபரேஷனைத் தாங்குவது சுலபம். அதனால் அம்மா பாலைப் பீச்சி, பாலாடையிலோ சங்கிலோ, முடியாவிட்டால் மூக்குவழி டியூபிலோ, மூன்று மணிக்கு ஒரு தரம் கொடுக்கவேண்டும். நாளைக்கு எட்டு தடவை. வருஷத்துக்கு 2,920 தடவை. இதில் ராத்திரி, பகல், தீபாவளி, பொங்கல் எல்லாம் அடக்கம்.

இந்த வருஷத்துக்குக் கெடுவும் உண்டு. எடை குறைந்து, குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு முப்பது நாளுக்குள் கண் விழித்திரையைப் பரிசோதிக்கவேண்டும். விட்டால் பார்வையே போகலாம். பித்தநாளம் அடைத்துப் பிறந்த குழந்தைக்கு அறுபது நாளுக்குள் ஆபரேஷன் செய்தால் பலன் அதிகம். மூளை வேகமாக வளர்வதும் இந்த முதல் இரண்டு வருஷத்தில்தான். பயிற்சியெல்லாம் அப்போதே ஆரம்பிக்கவேண்டும். ரகுவரன் பாசத்தில் ஒளித்துவைத்த காலம் இதுதான். 1990-ல் நாம் அதைத் தியாகம் என்று நினைத்து அழுதோம். இன்று பார்த்தால் பதறுகிறது.

'அஞ்சலி' நடப்பது சென்னையில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில். அதே குழந்தை ஜவளகிரியில் பிறந்திருந்தால்?

ஜவளகிரி தெரியாதவர்களுக்கு: ஓசூரிலிருந்து தளி வழியாகப் போனால், கர்நாடக எல்லையை ஒட்டிய காட்டோர ஊர். குளிர்காலத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக்கூட்டம் இந்தக் காட்டு வழியாகத்தான் ஓசூர்ப் பக்கம் இறங்கும். ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தைக்கு மூச்சுத் திணறினால், ரோட்டில் யானை நிற்கிறதா என்றும் யோசித்துத்தான் வண்டியைக் கிளப்பவேண்டும். மாவட்டத் தலைநகர் கிருஷ்ணகிரியில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஆனால் அது ஓசூரைத் தாண்டி இன்னும் ஐம்பது கிலோமீட்டர். அந்தப் பக்கம் பெங்களூரு, ஓசூரிலிருந்து நாற்பது. பெரிய பெரிய ஆஸ்பத்திரிகள். ஆனால் வேறு மாநிலம். எந்த அட்டை எங்கே செல்லும் என்று கேட்டுக் கேட்டு நடக்கவேண்டும். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் அம்மா, தமிழில் ஃபாரம் எழுதி, இங்கிலீஷில் எழுதிய ரிப்போர்ட்டைச் சுமந்து போவாள்.

அவள் ஓசூர் ஃபேக்டரி ஒன்றில் வேலை செய்கிறவள் என்று வையுங்கள். இ.எஸ்.ஐ. இருந்தால் 2017 முதல் பிரசவ விடுப்பு 26 வாரம். முன்பு 12 வாரமாக இருந்தது, பெரிய முன்னேற்றம்தான். இன்னொரு மாசம் கூடக் கிடைக்கலாம், அதுவும் பிரசவத்தாலோ குறைப்பிரசவத்தாலோ அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால். குழந்தையின் உடம்புக்கென்று தனிக்கணக்கு இல்லை. தமிழக அரசு ஊழியருக்கு 2021 முதல் ஒரு வருஷம். தனியார் கம்பெனி அப்பாவுக்குச் சட்டப்படி ஒரு நாள்கூடக் கிடையாது. ரகுவரன் மாதிரி அப்பாக்கள் தள்ளியே நிற்பதற்குப் பாசக்குறைவு மட்டும் காரணமில்லை.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. முதல்வர் காப்பீட்டுத் திட்டம் 2009-ல் ஆரம்பித்தது; குழந்தைகளின் இதய ஆபரேஷனுக்கும் பணம் கட்டுகிறது. பிறவிக் குறைகளைத் தேடிக் கண்டுபிடிக்க 2013-லிருந்து ஒரு தேசியத் திட்டமே இருக்கிறது. சுகாதார ஊழியர் வீடு தேடி வரவும் விதி உண்டு. ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைக்கு 42 நாளுக்குள் ஆறு தடவை, அப்புறம் மூன்று மாசத்துக்கு ஒரு தரம். கூட்டினால் முதல் வருஷத்தில் பத்து தடவை. நோயோடு வீடு திரும்பிய குழந்தை என்றால் இன்னும் சில. எல்லாம் விதிப்படி நடக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பக்கம் 2,920, இந்தப் பக்கம் பத்துச் சொச்சம். நடுவில் இருப்பதையெல்லாம் ஒரே ஒருத்திதான் நிரப்புகிறாள்.

சினிமாவை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? நாமும் அதே பழக்கத்துக்கு வந்துவிட்டோம். முதுகுத்தண்டுத் தசைநார்ச் சிதைவு நோய்க்கு 'ஸோல்ஜென்ஸ்மா' என்று ஓர் ஊசி. 16 கோடி ரூபாய். 2021-ல் மும்பையிலும் தமிழ்நாட்டிலும் குழந்தைகளுக்காக ஜனங்கள் நூறும் ஐந்நூறுமாகப் போட்டு நிதி சேர்த்தார்கள். மத்திய அரசு வரியைத் தள்ளுபடி செய்தது. மகத்தான காரியம். ஊசி போட்டாச்சு என்று செய்தி வந்ததும் நாமெல்லாம் கைதட்டிவிட்டு எழுந்துவிட்டோம், சுபம் போட்டதுபோல. ஆனால் அந்த ஊசிக்குப் பிறகும் பிசியோதெரபி உண்டு, மூச்சுக்கான கவனிப்பு உண்டு, ராத்திரிகள் உண்டு. ஊசிக்குப் பணம் கேட்டால் கொடுக்கிறோம். ராத்திரிக்கு யாரும் கேட்பதில்லை, கேட்டாலும் எப்படிக் கொடுப்பது என்று தெரிவதில்லை.

'அஞ்சலி'யின் முடிவில் குழந்தை 'அம்மா' என்கிறாள். மறுநாள் காலை எழுந்திருக்கவில்லை. நாம் அழுகிறோம். அழுகை முடிந்ததும் லேசாகிவிடுகிறது. செத்துப்போகிற குழந்தைக்காக அழுவது சுலபம். உயிரோடு இருக்கிற குழந்தைக்குத்தான் தினம் எட்டு வேளை வேலை இருக்கிறது.

அடுத்த முறை ஒரு டைரக்டர் இப்படிக் கதை சொன்னால், அந்த முதல் வருஷத்தை வெட்டாமல் எடுக்கச் சொல்லுங்கள். அதுவரை, உங்கள் தெருவிலேயே அப்படி ஒரு வீடு இருக்கக்கூடும். போகும்போது ஆப்பிளும் ஹார்லிக்ஸும் அறிவுரையும் வேண்டாம். டியூபில் பால் கொடுக்க உங்களுக்குத் தெரியவேண்டிய அவசியமும் இல்லை. அந்த வீட்டிலும் ஒரு மூத்த பிள்ளை இருக்கும், யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கும். 'நான் இவனை ஸ்கூல்ல விட்டுட்டு, வரும்போது மருந்தும் வாங்கிட்டு வர்றேன். நீ கொஞ்சம் படும்மா' என்று சொல்லிப்பாருங்கள். அது போதும்.