தேவதைக்குச் சம்பளம் எதற்கு?

‘வைரஸ்’ படத்தை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். முதல் முறை 2020 ஊரடங்கில், தனியாக. அப்போது எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. இரண்டாவது முறை அடுத்த வருடக் கடைசியில், திருநெல்வேலியில், பெரியம்மா மகளுடன். அக்கா தனியார் மருத்துவமனை ஒன்றில் பதினோரு வருடமாக நர்ஸ். கொரோனாவின் இரண்டு அலைகளிலும் கோவிட் வார்டில் இருந்தவள். மறுநாள் அவளுக்குக் காலை டியூட்டி. இருந்தும் “போடு, நர்ஸ் படந்தான, பாப்போம்” என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

2018இல் கோழிக்கோட்டில் பரவிய நிபா காய்ச்சலைப் பற்றிய மலையாளப் படம் அது. ஆஷிக் அபு இயக்கி 2019இல் வெளிவந்தது. பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் முதல் நோயாளிகளைக் கவனித்து, அதே நோயால் அந்த வருடம் மே 21ஆம் தேதி இறந்துபோன செவிலியர் லினியை மனதில் வைத்து உருவாக்கிய அகிலா என்ற பாத்திரத்தில் ரீமா கல்லிங்கல் நடித்திருக்கிறார். படத்தின் தயாரிப்பிலும் அவருக்குப் பங்கு உண்டு. அமைச்சராக ரேவதி, நோய் எங்கிருந்து வந்தது என்று தேடும் மருத்துவராகப் பார்வதி. மூன்று பேருமே மலையாளத் திரைப்படத்துறையில் பெண்களுக்காக உருவான அமைப்பில் ஆரம்பம் முதல் இருப்பவர்கள். அதனால் இந்தப் படத்தைக் குறைசொல்ல எனக்குத் தயக்கம்தான்.

அக்காவுக்கு அந்தத் தயக்கமெல்லாம் இல்லை. அரை மணி நேரம் போயிருக்கும். “ஏட்டி, இவளுக்கு டியூட்டி எத்தன மணிக்கு முடியுது?” என்றாள். எனக்குத் தெரியவில்லை. “எத்தன பேஷண்ட்ட பாக்குதா?” அதுவும் தெரியவில்லை. “அப்பொறம் என்னத்தக் காட்டுதான்?” என்றாள்.

பிறகுதான் நானும் அந்தக் கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன். மருத்துவர்கள் யோசிக்கிறார்கள். ஆட்சியர் முடிவெடுக்கிறார். அமைச்சர் கவலைப்படுகிறார், அதேசமயம் கேள்வியும் கேட்கிறார். பார்வதியின் பாத்திரம் ஒரு துப்பறிவாளரைப்போல ஒவ்வொரு கண்ணியாகக் கோத்துக்கொண்டு போகிறது. படத்தின் விறுவிறுப்பே அங்குதான் இருக்கிறது. அகிலாவுக்குக் கிடைத்திருப்பது பரிவும் மரணமும். அவளைப் பார்த்து நாம் அழுகிறோம். அவளுக்கு என்ன தெரியும், எதைக் கவனித்தாள், எதை மற்றவர்களுக்கு முன்னால் கண்டுகொண்டாள் என்பது நமக்குச் சொல்லப்படுவதில்லை. மூளை வேறு இடத்தில் இருக்கிறது, நர்ஸிடம் இருப்பது இதயம். பெண் மருத்துவருக்கும் பெண் அமைச்சருக்கும் மூளையைக் கொடுத்த படம்தான் இது. ஆகவே பெண் என்பதால் மட்டும் நேர்ந்த குறையாக இதைச் சொல்லிவிட முடியாது. நர்ஸ் வேலையைப் பற்றி நம் எல்லோருக்கும் உள்ள எண்ணம் அது.

அந்த எண்ணத்துக்குத் தமிழில் வயது அதிகம். 1961இல் வந்த ‘பாலும் பழமும்’ படத்தை என் அம்மா எத்தனை முறை பார்த்திருப்பாள் என்று கணக்கில்லை. சரோஜாதேவி அதில் நர்ஸ் சாந்தி. மருத்துவரான சிவாஜியின் ஆராய்ச்சிக்கு உதவுகிறாள், அவரையே மணக்கிறாள், காசநோய் வந்ததும் கணவனுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று வீட்டைவிட்டுப் போகிறாள். அவள் இறந்துவிட்டதாக நினைத்து அவர் வேறு திருமணம் செய்துகொள்கிறார். பின்னால் அவர் பார்வை இழந்து நிற்கும்போது யாரென்று தெரியாதபடி நர்ஸாகத் திரும்பிவந்து அவரைப் பார்த்துக்கொள்கிறாள். அதாவது மனைவி செய்தால் நர்ஸ் வேலை, நர்ஸ் செய்தால் மனைவி வேலை. நோய் வந்த நர்ஸை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்கு அந்தப் படத்தில் ஒரே பதில்தான்: அவளாகவே விலகிப் போய்விட வேண்டும். அறுபது வருடம் கழித்து, கோவிட் வார்டிலிருந்து வந்த நர்ஸ்களை வீட்டைக் காலிசெய்யச் சொன்ன வீட்டுக்காரர்களும் அதையேதான் எதிர்பார்த்தார்கள்.

நம் மொழியே இதில் கூட்டு. நர்ஸுக்குத் தமிழ் தேடியவர்கள் ‘செவிலி’யை எடுத்தார்கள். சங்க அகப்பாடல்களில் செவிலி என்பவள் தலைவியை வளர்த்த தாய், தோழியைப் பெற்றவள். தலைவி காதலனோடு போய்விட்டால் பாலைவழியில் தேடிக்கொண்டு போய், எதிரே வருகிறவர்களிடமெல்லாம் கேட்பவள். அழகான சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் கூலி பற்றிய பேச்சே இல்லாத பாத்திரம் அது. ‘தாய்’ என்று ஆகிவிட்ட பிறகு அவளிடம் போய் எட்டு மணி நேர வேலை, வார விடுமுறை என்று பேசினால் நன்றாகவா இருக்கும்? வார்டில் எல்லோரும் கூப்பிடுவது ‘சிஸ்டர்’. கிறிஸ்தவ மடத்திலிருந்து வந்த அந்தச் சொல்லிலும் சம்பளம் இல்லை. அக்காவுக்கு ‘செவிலியர்’ பிடிக்காது. “ஸ்டாஃப் நர்ஸ்னே எழுது. அதுலயாவது ஸ்டாஃப்னு இருக்கு” என்பாள்.

2020ஐ உலக சுகாதார நிறுவனம் செவிலியர், மகப்பேறு உதவியாளர் ஆண்டாக அறிவித்திருந்தது. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்து 200 வருடம் என்பதால். நோய்த்தொற்று அதே வருடம் வந்தது தற்செயல். மார்ச் 22 கைதட்டினோம், தட்டு தட்டினோம். ஏப்ரல் 5 இரவு ஒன்பது மணிக்கு விளக்கேற்றினோம். மே 3 அன்று ராணுவ ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகள் மீது பூத்தூவின. நைட்டிங்கேல் என்றால் நமக்கு விளக்கு மட்டும்தான் ஞாபகம் வருகிறது. கிரிமியப் போரில் சிப்பாய்கள் காயத்தைவிட அதிகமாக நோயால் இறந்தார்கள் என்பதைக் கணக்கெடுத்து, வரைபடம் போட்டு, அரசாங்கத்தின் முகத்துக்கு நேராக நீட்டியவர் அவர். பாடப் புத்தகத்தில் நான் படித்ததெல்லாம் விளக்கேந்திய மங்கைதான். கணக்குப் போட்ட மங்கையைப் பற்றி எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

அக்காவிடம் கேட்டால் அவளும் கணக்காகத்தான் சொல்வாள். பிபிஇ கிட்டைப் போட்டால் ஆறு மணி நேரம் தண்ணீர் கிடையாது, பாத்ரூம் கிடையாது. முந்தின ராத்திரியே தண்ணீரைக் குறைத்துவிட வேண்டும். மாதவிடாய் நாட்களில் இரண்டு நாப்கின்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு உள்ளே போனார்கள், சிலர் டயப்பர் கட்டினார்கள். கிட்டைக் கழற்றினால் இன்னொன்று கிடைக்கும் என்பது நிச்சயமில்லை. எல்லோரும் ஒரேமாதிரி வெள்ளையாகத் தெரிவதால் முதுகில் மார்க்கரால் பெயர் எழுதிக்கொண்டார்கள். இரண்டு கையுறைகளுக்கு மேல் நாடி பிடித்துப் பழக ஒரு வாரம் ஆனதாம். மூச்சுத் திணறும் ஆளைக் குப்புறப் படுக்கவைக்க நாலு பேர் வேண்டும், இருந்தது இரண்டு பேர். ஆக்ஸிஜன் அளவை ஒவ்வொரு படுக்கையாகப் பார்த்து எழுதிக்கொண்டே வரும்போது, எண் இன்னும் இறங்காவிட்டாலும் ஓர் ஆள் பேசுகிற விதத்தை வைத்தே ‘இவரை உடனே பார்க்கணும்’ என்று டாக்டரைக் கூப்பிட்டிருக்கிறாள். இது பரிவு அல்ல, அறிவு. பதினோரு வருடத்தில் சேர்ந்தது. இந்த ஒரு காட்சிக்காகவே ஒரு படம் எடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

அவளுக்கும் தொற்று வந்தது. வீட்டில் தனியாக இருந்த நாட்களை மருத்துவமனை அவளுடைய விடுப்பில் கழித்துக்கொண்டது. ‘கொரோனா வீரர்’ என்று ஒரு சான்றிதழும் தந்தது. அதை அவள் பீரோவில் குழந்தைகளின் மார்க் ஷீட்டோடு வைத்திருக்கிறாள்.

நர்ஸின் வாழ்க்கையில் பணம் உண்டு என்பதை ஒளிக்காமல் சொன்ன படம் என்று நான் பார்த்ததில் மகேஷ் நாராயணனின் ‘டேக் ஆஃப்’ வருகிறது. 2014இல் ஈராக்கில் சிக்கிய நர்ஸ்களின் கதை. அதில் பார்வதியின் சமீரா, குடும்பக் கடனை அடைக்கத்தான் அங்கே போகிறாள். சேவை செய்ய அல்ல. அந்த ஒன்றுக்காகவே அவள் எனக்கு அகிலாவைவிட நெருக்கமாகத் தெரிகிறாள். படம் பாதிக்கு மேல் மீட்புச் சாகசமாகி, ஆண்கள் தொலைபேசியில் பேசித் தீர்க்கும் விஷயமாக மாறிவிடுவது வேறு கதை.

திரையில் காணாமல் போகும் சம்பளம் வெளியிலும் காணாமல் போகிறது. 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் தமிழக அரசுப் பணிக்குத் தேர்வான செவிலியர்களுக்குத் தொடக்கத்தில் தொகுப்பூதியம் 7,700 ரூபாய். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்றார்கள். 2017 நவம்பரில் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் அவர்கள் கூடி உட்கார்ந்தது அந்தச் சொல்லைக் காப்பாற்றச் சொல்லித்தான். 2020இல் கொரோனாவுக்காகப் புதிதாகத் தற்காலிகமாக எடுக்கப்பட்டவர்களுக்கு 14,000. 2022 டிசம்பர் கடைசியில், பணி நீட்டிப்பு இல்லை என்ற அரசாணை வந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் புத்தாண்டில் தெருவில் நின்றார்கள். பூத்தூவும்போது நிரந்தரமா, தற்காலிகமா என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. கோழிக்கோட்டிலும் இதுதான் நடந்தது. நிபா வார்டில் வேலை பார்த்த தற்காலிக ஊழியர்கள் பணியைத் திரும்பக் கேட்டு, மருத்துவக் கல்லூரி முன்னால் 2019 ஜனவரியில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். ‘வைரஸ்’ படத்தில் ஜோஜு ஜார்ஜ் நடித்த தற்காலிக ஊழியர் பாத்திரத்தை நினைத்தால், இயக்குநருக்கு இந்தப் பக்கம் தெரியாமல் இல்லை என்று படுகிறது. நர்ஸிடம் வரும்போதுதான் கேமராவுக்குக் கண் கலங்கிவிடுகிறது.

லினி கணவருக்கு எழுதிய கடைசிக் கடிதத்தை அப்போது எல்லோரும் பகிர்ந்தார்கள். நானும் பகிர்ந்தேன், தியாகத்தின் சாட்சியாக. திரும்பப் படித்தபோது வேறு ஒன்று தெரிந்தது. பிள்ளைகளைத் தனியாக விடாதே, வளைகுடாவுக்கு உன்னோடு கூட்டிக்கொண்டு போ என்று கேட்கிறார். வேலைக்காகப் பிரிந்து வாழும் ஒரு குடும்பத்தின் கணக்கு அது. மூச்சு முட்டும் நேரத்திலும் அடுத்த மாதத்துக்கான ஏற்பாட்டைச் செய்துகொண்டிருக்கும் உழைக்கும் பெண்ணை, மெழுகுவர்த்திப் படத்தோடு சேர்த்துத் தேவதை ஆக்கியதில் என் பங்கும் இருக்கிறது.

அக்கா படத்தை முழுதாகப் பார்க்கவில்லை. பாதியிலேயே தூங்கிவிட்டாள். காலையில் டிபன் பாக்ஸில் தோசையை வைத்துக்கொண்டே, “கடசில என்னாச்சு?” என்றாள். வௌவாலில் முடிகிறது என்றேன். “அந்த நர்ஸ் புள்ளைக்கு நெசத்துல என்ன குடுத்தாவ?”

பிள்ளைகள் இருவருக்கும் தலா பத்து லட்சம், கணவருக்குச் சுகாதாரத் துறையில் கிளார்க் வேலை என்று சொன்னேன்.

“பெர்மனென்ட்டா?”

“ஆமாக்கா.”

“பரவால்ல” என்று பாக்ஸை மூடினாள்.