வரியும் மனச்சான்றும் – குமரப்பாவை மீண்டும் படித்தல்

போருக்குச் செல்லும் வரியைத் தர மறுத்த இறைப்பற்றாளர் என்றதும் நம் நினைவுக்கு வருபவர் சியாட்டில் பேராயர் ரேமண்ட் ஹன்தாசன். அணு ஆயுதக் குவிப்பை எதிர்த்து 1982-இல் தம் வருமான வரியில் பாதியைக் கட்ட மறுத்தவர் அவர். போற்றத்தக்க துணிவுதான். ஆயினும் அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, வரிப்பணம் படைக்குச் செல்வதைக் கணக்கிட்டுக் காட்டிய தஞ்சாவூர்க் கிறிஸ்தவர் ஒருவரை நாம் மறந்திருக்கிறோம். ஜே.சி. குமரப்பா (1892–1960) கத்தோலிக்கர் அல்லர் என்பதும் இம்மறதிக்கு ஒரு காரணமோ என ஐயுறுகிறோம்.

லண்டனில் கணக்காயராகத் தேர்ந்து, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதி பயின்றவர் குமரப்பா. அவ்வாய்வைக் காந்தியடிகள் ‘பொதுநிதியும் நம் வறுமையும்’ என்னும் பொருளில் ‘யங் இந்தியா’வில் தொடராக வெளியிட்டார். உழவனிடம் திரட்டிய வரி படைக்கும் கடனுக்கும் போக, அவன் கல்விக்கும் நலவாழ்வுக்கும் எஞ்சியது எவ்வளவு என்பதே அந்நூலின் வினா. 1931-இல் காங்கிரஸ் அமைத்த குழுவிலும் அவர் பங்குகொண்டார். பிரிட்டன் தன் பேரரசுக்காக நடத்திய போர்களின் செலவை இந்தியர் தலையில் ஏற்றியது முறையன்று என அக்குழு வாதிட்டது. முதல் உலகப்போரின்போது, 1917-இல், இந்தியா பிரிட்டனுக்கு வழங்கிய ‘அன்பளிப்பு’ 10 கோடி பவுன். வரி கட்டியவனைக் கேளாமல் கொடுத்த அன்பளிப்பு அது!

1940-இல் தனிநபர் சத்தியாகிரகிகள், போருக்கு ஆளாலோ பணத்தாலோ உதவுவது தவறெனக் கூறிச் சிறை புகுந்தனர். 1942 போராட்டத்தில் சிறைப்பட்ட குமரப்பா, ஜபல்பூர்ச் சிறையில் இயேசுவின் வாழ்வையும் போதனையையும் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1945-இல் வெளிவந்தது. மலைப்பொழிவை அவர் தனிமனிதப் பக்திக்கு மட்டும் உரியதாகக் கொள்வதில்லை. பொருளாதார வாழ்வுக்கும் அதுவே நெறி என்கிறார். நடை கணக்கரின் நடை: சுருக்கமானது, சற்றே வறண்டது. நிறுவனத் திருச்சபையைப் பற்றிப் பேசுகையில் பொறுமை இழக்கிறார். கத்தோலிக்க வாசகருக்கு இது உறுத்தும்; உறுத்தட்டும்.

இனி, வெள்ளாற்றின் தென்கரையில் உள்ள லப்பைக்குடிக்காட்டில் வயற்கூலி பெறும் ஒரு பெண்ணை எண்ணிப் பார்ப்போம். வருமான வரிப் படிவத்தை அவள் கண்டதே இல்லை. பேராயரைப்போல் பாதியை நிறுத்திவைக்க அவளால் இயலாது. எனினும் சோப்பின் விலையிலும், பேருந்துக் கட்டணத்துள் மறைந்திருக்கும் டீசல் விலையிலும் அவளும் வரி செலுத்துகிறாள். நடுவண் அரசுக்குச் செல்லும் அப்பணத்தில் ஒரு பங்கு படைக்கலனாகிறது. அப்படியாயின் மறுக்கும் உரிமை வசதியுள்ளவர்க்கு மட்டும் உரியதா?

‘கிராம இயக்கம் எதற்கு?’ என்னும் பொருளில் 1936-இல் எழுதிய நூலில் குமரப்பா இதற்கு ஒரு வழி காட்டுகிறார். ஒரு பண்டத்தை வாங்குபவன் அது விளைந்த விதத்துக்கும் வந்த வழிக்கும் பொறுப்பாளி. கடற்படையின் காவலில் வரும் சரக்கை வாங்குவோனுக்கும் அவ்வன்முறையில் பங்குண்டு. ஆகவே மறுப்பு கடைத்தெருவிலேயே தொடங்கலாம். ஆனால் செக்கு எண்ணெயும் கைத்தறியும் ஆலைப் பொருளைவிட விலை கூடிய இந்நாளில், அக்கூலிப் பெண்ணுக்கு அவ்வழியும் அடைபட்டிருக்கிறது. குமரப்பாவின் வாதம் தடுமாறும் இடம் இதுவே. தேர்ந்து வாங்க முடிந்தவர்களைப் பார்த்தே அவர் பேசுகிறார். அதாவது, மாதச் சம்பளம் வாங்கும் நம்மைப் பார்த்து. ஆயுதப் போட்டி ஏழைகளைப் பொறுக்கவொண்ணாதபடி வதைக்கிறது என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அறிவித்ததை, அரசுகளுக்கு உரைத்ததாக எண்ணி நாம் கடந்துவிடுகிறோம்.

சிறையில் எழுதிய நூலைக் கையில் எடுப்போர் பொதுநிதி நூலையும் உடன் படித்தல் நன்று. முன்னதைத் தனியே படித்தால் அது இன்னொரு மறையுரையாகவே தோன்றக்கூடும்.